ஹீட் பம்ப் எண்ணிக்கையும் உண்மையான முன்னேற்றமும்: பிரிட்டனின் தரவுகளைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டனின் பசுங்குடில் வாயு உமிழ்வில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கட்டடங்களிலிருந்து வருகிறது. அதில் பெரும்பகுதி, குளிர்காலத்தில் அறைகளைச் சூடாக வைத்திருக்கவும் குளிக்க வெந்நீர் வைக்கவும் எரிக்கப்படும் எரிவாயுவின் கணக்கு. இதை மாற்றுவதற்காக, 2028-க்குள் ஆண்டுக்கு 6 லட்சம் ஹீட் பம்புகளை நிறுவ வேண்டும் என்ற இலக்கை அந்நாட்டு அரசு 2020 நவம்பரில் அறிவித்தது. நம் ஊர் ஏ.சி.யைத் திருப்பி வைத்தாற்போல, வெளிக்காற்றிலோ நிலத்தடியிலோ உள்ள வெப்பத்தை மின்சாரத்தின் உதவியால் வீட்டுக்குள் கொண்டுவரும் கருவிதான் ஹீட் பம்ப். இலக்கை நோக்கி நாடு எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது என்ற கேள்விக்கு ஒரே பதிவேட்டைப் பார்த்துப் பதில் சொல்லிவிட முடியாது. இருக்கும் தரவுகளில் ஒன்று மானியம் வழங்குவதற்காகத் திரட்டப்பட்டது, மற்றொன்று வீட்டை விற்கும்போது சட்டம் கேட்கும் சான்றிதழுக்காக, இன்னொன்று மீட்டர் கட்டணத்துக்காக. ஒரு தரவு எந்தத் தேவைக்காகப் பிறந்தது என்று பார்க்காமல் அதன் எண்ணை மட்டும் எடுத்தாள்வதிலிருந்தே பெரும்பாலான பிழைகள் கிளைக்கின்றன.

அடிக்கடி காணப்படும் பிழை, விற்பனை எண்ணிக்கையையும் நிறுவல் எண்ணிக்கையையும் ஒன்றாகக் கருதுவது. ஹீட் பம்ப் தயாரிப்பாளர்களின் சங்கம் வெளியிடும் விற்பனைக் கணக்கு 2024-இல் ஒரு லட்சத்தை நெருங்கியது. அதே ஆண்டில், சான்று பெற்ற நிறுவுநர்கள் பதிவுசெய்யும் எம்.சி.எஸ். தரவுத்தளத்தில் ஏறத்தாழ 60 ஆயிரம் மட்டுமே பதிவாயின. இந்த இடைவெளியைப் பார்த்து, மீதி 40 ஆயிரமும் கிடங்குகளில் தூங்குகின்றன என்று சிலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். தயாரிப்பாளர் அனுப்பிய சரக்கில் ஒரு பகுதி மொத்த வியாபாரியிடம் சில மாதம் தங்குவது உண்மைதான். ஆனால் பெரிய காரணம் வேறு: மானியம் வேண்டுமென்றால்தான் எம்.சி.எஸ். பதிவு கட்டாயம். புதிதாகக் கட்டப்படும் குடியிருப்புகளில் கட்டுமான நிறுவனமே ஹீட் பம்பைப் பொருத்திவிடும்போது அந்தப் பதிவுக்கான தேவையே எழுவதில்லை. ஆகவே எம்.சி.எஸ். தரவு, பழைய வீடுகளில் நடக்கும் மாற்றத்தை ஓரளவு நன்றாகவும் புதிய வீடுகளில் நடப்பதை அரைகுறையாகவும் காட்டுகிறது. இலக்கோ இரண்டையும் சேர்த்தே எண்ணுகிறது. மேலும், ஆண்டுக்குச் சுமார் 15 லட்சம் எரிவாயு பாய்லர்கள் (எரிவாயுவை எரித்து வீட்டையும் நீரையும் சூடாக்கும் கருவிகள்) விற்கும் சந்தையில், ஹீட் பம்பின் வளர்ச்சி விகிதத்தை மட்டும் தனியாகச் சொல்வது பாதிக் கதைதான்.

மானியக் கணக்கிலும் இதே எச்சரிக்கை தேவை. 2022 மே மாதம் தொடங்கிய பாய்லர் மேம்பாட்டுத் திட்டம் முதலில் காற்றுவழி ஹீட் பம்புக்கு 5,000 பவுண்டு தந்தது. 2023 அக்டோபரில் அது 7,500 ஆக உயர்த்தப்பட்டது. இதன் அறிக்கையில் விண்ணப்பங்கள், வழங்கப்பட்ட வவுச்சர்கள், பணமாக்கப்பட்ட வவுச்சர்கள் என மூன்று எண்கள் உண்டு. கருவி உண்மையில் சுவரோரம் வந்து நின்று இயங்கத் தொடங்கிவிட்டதைக் குறிப்பது மூன்றாவது மட்டுமே. காற்றுவழிக் கருவிக்கான வவுச்சர் மூன்று மாதமும் நிலவழிக் கருவிக்கானது ஆறு மாதமும் செல்லும் என்பதால், மானியத் தொகை உயர்ந்த மாதத்தில் விண்ணப்பம் துள்ளிக் குதிப்பதை அந்த மாதத்து நிறுவலாக எழுதுவது தவறு. இத்திட்டம் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டுமே உரியது. ஸ்காட்லாந்துக்குத் தனி ஏற்பாடு உண்டு. சமூக வீட்டுவசதிக் குடியிருப்புகள் இதில் சேராது. தாமே வீடு கட்டிக்கொள்பவர்களைத் தவிர்த்தால் புது வீடுகளும் சேராது. இவ்வளவு விலக்குகள் உள்ள ஒரு பட்டியலுக்கு 'பிரிட்டனில் ஹீட் பம்ப்' என்று தலைப்பிடுவதை எந்த ஆசிரியர் குழுவும் அனுமதிக்கக் கூடாது என்பது என் கருத்து.

எல்லாவற்றிலும் அதிகமாகத் தவறாகப் பயன்படுத்தப்படுவது இ.பி.சி. எனப்படும் ஆற்றல் செயல்திறன் சான்றிதழ். வீடு கட்டப்படும்போதோ விற்கப்படும்போதோ வாடகைக்கு விடப்படும்போதோ இதைப் பெற வேண்டும்; பத்து ஆண்டுகள் செல்லும். இங்கிலாந்து, வேல்ஸ் சான்றிதழ்கள் திறந்த தரவாகவே கிடைப்பதால், கணினி தெரிந்த எவரும் கோடிக்கணக்கான வரிசைகளை இறக்கிக்கொண்டு ஊர்வாரியாக வரைபடம் போட்டுவிடலாம். கிடைப்பது எளிது என்பதாலேயே கேள்வி கேட்கும் பழக்கம் மறந்துபோகிறது. இருபது ஆண்டுகளாகக் கைமாறாத வீட்டுக்குச் சான்றிதழே இல்லாமல் இருக்கலாம். வாடகைக்கு மாறி மாறிப் போகும் வீட்டுக்கு மூன்று சான்றிதழ்கள் இருக்கலாம். 2016-இல் சான்றிதழ் வாங்கி 2023-இல் ஹீட் பம்ப் பொருத்திய வீடு, அடுத்த சான்றிதழ் வரும்வரை எரிவாயு வீடாகவே தரவில் நிற்கும். ஒரே முகவரிக்கான பல பதிவுகளில் கடைசியானதை மட்டும் எடுத்து, அதன் தேதியையும் கூடவே காட்டாத வரைபடம் எந்த ஆண்டைப் பற்றியது என்று யாராலும் சொல்ல முடியாது. இன்னொரு சிறு கண்ணியும் இதில் உண்டு. வெப்பமூட்டும் முறை ஒரு சொற்றொடராகத்தான் எழுதப்பட்டிருக்கும். வேல்ஸின் பதிவுகளில் ஒரு பகுதி வெல்ஷ் மொழியில் இருக்கும். ஆங்கிலச் சொற்களை மட்டும் தேடி எண்ணுபவருக்கு, வேல்ஸில் கருவிகள் இருப்பதைவிடக் குறைவாகவே தெரியும்.

சான்றிதழிலுள்ள ஆற்றல் அளவும் கார்பன் அளவும் மீட்டரில் படித்தவை அல்ல. வீட்டின் சுவர், சன்னல், பாய்லர் வகை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, குடியிருப்போர் ஒரு குறிப்பிட்ட முறையில் வாழ்வதாக வைத்துப் போட்ட கணக்கு. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் எரிவாயுவால் சூடாக்கப்படும் வீடுகளின் ஸ்மார்ட் மீட்டர் தரவோடு இக்கணக்கை ஒப்பிட்டு 2023-இல் வெளியிட்ட ஆய்வில், மிகத் தாழ்ந்தவையான எஃப், ஜி தரங்களைச் சேர்ந்த வீடுகளின் உண்மையான பயன்பாடு கணிப்பைவிட 48 விழுக்காடு குறைவாக இருந்தது. அப்படியானால், மோசமான வீடுகளைச் சீர்செய்தால் இவ்வளவு மிச்சமாகும் என்று சான்றிதழை வைத்துச் சொல்லும் கணிப்புகளும் பெரிதும் ஊதிப்போயிருக்கக்கூடும்.

கார்பன் எண்ணில் சிக்கல் இன்னும் ஆழமானது. 2012-ஆம் ஆண்டு முறைப்படி எழுதப்பட்ட சான்றிதழ்கள் ஒரு யூனிட் (கிலோவாட்-மணி) மின்சாரத்துக்கு 0.519 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று கணக்கிட்டன. புதிய முறையில் அது 0.136 கிலோ. நிலக்கரி மின்னிலையங்கள் மூடப்பட்டு, கடலுக்குள் நிறுவப்படும் காற்றாலைகள் பெருகியதன் விளைவு அது. ஏற்கெனவே உள்ள வீடுகளுக்குப் பழைய முறை 2025 ஜூன் வரை நீடித்தது. எனவே, ஒரே கருவியோடு, ஒரே சுவரோடு இருக்கும் ஒரு வீடு, சான்றிதழைப் புதுப்பித்ததாலேயே தன் கார்பனைப் பெருமளவு குறைத்துவிட்டதாகத் தரவில் தோன்றும். இதை முன்னேற்றமாக எழுதியவர்கள் உண்டு. அதே நேரம், சான்றிதழின் முதன்மைத் தரம் கார்பனை அல்ல, எரிபொருள் செலவை அடிப்படையாகக் கொண்டது. எரிவாயுவைவிட மின்சாரம் பல மடங்கு விலை என்பதால், பாய்லரைக் கழற்றி ஹீட் பம்ப் போட்ட வீட்டின் தரம் உயராமல் இருக்கலாம், சில நேரம் இறங்கவும் செய்யலாம். தர உயர்வை வைத்து குறைகார்பன் வெப்பமூட்டலை அளப்பவர் தவறான அளவுகோலைக் கையில் வைத்திருக்கிறார்.

உமிழ்வுக் கணக்கிலிருந்து நேரே முடிவுக்குத் தாவுவதும் ஆபத்தானது. 2022-இல் குடியிருப்புத் துறையின் உமிழ்வு ஏறத்தாழ 16 விழுக்காடு சரிந்தது. அது அதுவரை பிரிட்டனில் பதிவான ஆண்டுகளிலேயே மிக வெப்பமானது. அந்த ஏப்ரலில்தான் ஒரு சராசரி வீட்டுக்கான ஆண்டு எரிசக்திக் கட்டண வரம்பு 1,277 பவுண்டிலிருந்து 1,971 பவுண்டாக ஏறியது. மக்கள் வெப்பநிலையைக் குறைத்து வைத்தார்கள், சிலர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பாய்லரை அணைத்தார்கள். வறுமையால் குளிரில் இருந்தவர்களின் எரிவாயுச் சேமிப்பைக் கொள்கையின் வெற்றியாக வரவு வைப்பது பிழை மட்டுமல்ல, அநியாயமும்கூட. கணக்கு முறையையும் மறக்கக் கூடாது: நாட்டு எல்லைக்குள் வெளியாகும் உமிழ்வை எண்ணும் அரசின் கணக்கில், வீட்டில் எரியும் எரிவாயு குடியிருப்புத் துறையில் எழுதப்படும், ஹீட் பம்ப் இழுக்கும் மின்சாரத்தின் உமிழ்வோ மின் உற்பத்தித் துறையில் போய்ச் சேரும்.

மீட்டர் தரவு இவற்றைவிட நம்பகமானது என்றாலும் அதற்கும் வரம்புண்டு. வட்டார எரிவாயுப் புள்ளிவிவரத்தில் ஆண்டுக்கு 73,200 யூனிட்டுக்குக் கீழே உள்ள மீட்டர்கள் எல்லாம் வீட்டு மீட்டர்களாகவே கொள்ளப்படுவதால், சின்னக் கடைகளும் அலுவலகங்களும் வீடுகளோடு கலந்துவிடுகின்றன. எரிவாயு அளவு வானிலைக்கேற்பத் திருத்தப்பட்டு வருகிறது. மின்சார அளவு அப்படி வருவதில்லை. இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்து, எரிவாயு குறைந்த அளவுக்கு மின்சாரம் கூடவில்லை என்று வியப்பதில் பொருளில்லை. எண்ணெய்த் தொட்டி வைத்துச் சூடாக்கும் வீடுகள் எந்த மீட்டரிலும் வருவதில்லை. வடக்கு அயர்லாந்தில் பெரும்பான்மை வீடுகள் அத்தகையவை.

ஒரே மையத்திலிருந்து குழாய்வழியே பல வீடுகளுக்கு வெப்பம் அனுப்பும் வெப்ப வலையமைப்பில் இணைந்த அடுக்ககங்களைக் கேள்வியில்லாமல் குறைகார்பன் பட்டியலில் சேர்ப்பதும் கூடாது. அவற்றில் பெரும்பாலானவற்றின் நடுவில் இன்னும் எரிவாயுதான் எரிகிறது.

கடைசியாக, கருவியின் செயல்திறன். அரசு ஆதரவில் 742 வீடுகளில் வெப்பமூட்டலை மின்சாரத்துக்கு மாற்றிப் பார்த்த சோதனையில், காற்றுவழி ஹீட் பம்புகளின் பருவகாலச் செயல்திறன் எண்ணின் இடைநிலை மதிப்பு ஏறத்தாழ 2.8, அதாவது ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 2.8 யூனிட் வெப்பம். 2024-ஆம் ஆண்டின் அரசு உமிழ்வுக் குணகங்களின்படி எரிவாயு யூனிட்டுக்கு 0.183 கிலோ, மின்சாரம் 0.207 கிலோ. பாய்லரின் செயல்திறனை 85 விழுக்காடு என்று கொண்டால், ஹீட் பம்ப் தரும் வெப்பத்தின் கார்பன் பாய்லருடையதில் மூன்றில் ஒரு பங்களவே. தயாரிப்பாளரின் விவரத்தாளில் 4 அல்லது 5 என்று போட்டிருப்பதை இந்தக் கணக்கில் நுழைக்கக் கூடாது. அது ஆய்வகத்தில் குறிப்பிட்ட வெப்பநிலையில் அளந்தது. களத்தில் அளந்த எண்ணானாலும் எல்லைக்கோடு எங்கே போடப்பட்டது என்று பார்க்க வேண்டும்: ஹெச்2 எல்லை கருவியையும் அதன் விசிறியையும் மட்டும் கணக்கில் கொள்ளும், ஹெச்4 எல்லை துணைச் சூடேற்றியையும் ரேடியேட்டர்களுக்கு நீரைத் தள்ளும் பம்பையும் சேர்த்துக்கொள்ளும் என்பதால் அதன் எண் எப்போதும் சற்றுக் குறைவாகவே வரும். ஓர் ஆய்வின் ஹெச்2 எண்ணை இன்னோர் ஆய்வின் ஹெச்4 எண்ணோடு ஒப்பிட்டுக் கருவிகள் முன்னேறிவிட்டன என்றோ பின்தங்கின என்றோ எழுதும் கட்டுரையில், அந்த இரண்டு எல்லைப் பெயர்கள் எங்கேயாவது குறிப்பிடப்பட்டுள்ளனவா என்பதைத்தான் முதலில் தேட வேண்டும்.