சுவருக்குப் பெயிண்ட் வாங்கும் முன் வீட்டிலேயே கலர் பார்ப்பது எப்படி

ஷேட் கார்டில் தீப்பெட்டி அளவு கட்டத்தைப் பார்த்து அறை முழுக்க என்ன கலர் என்று முடிவு செய்யாதீர்கள், நாலு சுவரிலும் ஏறும்போது அதே கலர் இன்னும் அழுத்தமாகத் தெரியும்.

பிடித்த இரண்டு மூன்று ஷேடுகளைச் சின்ன டப்பாவில் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய கலர் மேலேயே அடித்துப் பார்த்தால் கண் ஏமாறும், அதனால் தடித்த வெள்ளைச் சார்ட் அட்டையில் ஓரத்தில் கொஞ்சம் வெள்ளை விட்டு இரண்டு கோட் அடியுங்கள், முதல் கோட் நன்றாகக் காய்ந்த பிறகுதான் இரண்டாவது. ஈரத்தில் பார்த்து முடிவெடுக்க வேண்டாம், எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர்ப் பெயிண்ட்) காய்ந்ததும் பெரும்பாலும் சற்று அடர்த்தியாகிவிடும்.

அப்புறம் அட்டையை ஜன்னல் பக்கத்துச் சுவரில் ஒருநாள், வெளிச்சம் குறைந்த மூலையில் ஒருநாள் ஒட்டி, காலை, மதியம், இரவு என்று பாருங்கள். இரவில் பார்ப்பதுதான் ரொம்ப முக்கியம்: மஞ்சள் பல்பில் இதமாக இருக்கும் சந்தன நிறம், 6500 கெல்வின் வெள்ளை எல்இடியில் வெளிறிப்போய் நிற்கும். சிவப்புத் தரை இருந்தால் அதன் சாயலும் சுவரில் ஏறும், அட்டையைத் தரையோரம் வைத்தாலே தெரிந்துவிடும்.

கலர் முடிவானதும் ஷேடின் பெயரோடு அதன் குறியீட்டு எண்ணையும் எழுதி வையுங்கள், மொத்தப் பெயிண்டையும் ஒரே தடவையில் கலக்கி வாங்குங்கள்.