பெரிய ஆண், சின்ன ஆண்: பூச்சியின் உடலளவை ஆராயப்போய்ச் சறுக்கும் இடங்கள்

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக் குசினியில் முதலில் பழுதாவது கௌபி (தட்டைப்பயறு) டின்தான். ஒரு கிலோ வாங்கி வைத்து மறந்துபோய் ஒரு மாதம் கழித்துத் திறந்தால் விதைகளில் குண்டூசித் தலை அளவில் வட்ட ஓட்டைகள், அடியில் மாவு, மேலே ஓடித்திரியும் பழுப்பு வண்டுகள். அம்மாவுக்கு நட்டம். எனக்கோ அது செலவில்லாத ஆய்வுகூடம். கலோசோபுரூக்கஸ் மாக்குலேட்டஸ் என்ற இந்தப் பயறு வண்டை உலகம் முழுக்க இனப்பெருக்க ஆய்வுகளுக்குப் பயன்படுத்துகிறார்கள். வளர்ந்த வண்டுக்குச் சாப்பாடும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம், மூன்று நான்கு கிழமையில் அடுத்த தலைமுறை வந்துவிடும். விலங்கியல் படிக்கும் பிள்ளைகள் ஆய்வுத் தலைப்புத் தேடி வந்தால் நான் இதைத்தான் கையில் கொடுப்பேன், அவர்களும் அநேகமாக ஒரே கேள்வியைத்தான் எடுப்பார்கள்: "அண்ணா, பெரிய ஆணோட சேர்ந்தால் பெட்டை கூடுதலா முட்டை போடுமா?"

நல்ல கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் தேடும் வழியில் எல்லாரும் விழுகிற குழிகள் சில இருக்கின்றன, நானும் விழுந்திருக்கிறேன்.

முதலாவது, சின்னப் பூச்சியை இளசு என்று நினைப்பது. சன்னல் கண்ணாடியில் சின்ன இலையான் ஒன்று இருந்தால் "குட்டி இலையான்" என்று சொல்லிவிடுகிறோம், அது குட்டி இல்லை. இலையான், நுளம்பு, வண்டு, வண்ணத்துப்பூச்சி எல்லாம் குடம்பி என்ற புழுப் பருவத்தில் மட்டும்தான் வளரும். கூட்டுப்புழுவிலிருந்து வெளியே வந்து உடல் இறுகியபிறகு ஒரு மில்லிமீட்டர்கூடக் கூடாது. (கரப்பொத்தானும் வெட்டுக்கிளியும் தோலுரித்துத் தோலுரித்து வளர்பவை, ஆனால் அவையும் கடைசித் தோலை உரித்தபின் நின்றுவிடும்.) ஆக, உங்கள் முன்னால் நிற்கும் சின்ன ஆண் வயது குறைந்தது என்று அர்த்தமில்லை, அது சின்ன வயதில் பட்டினி கிடந்தது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். ஒரு கௌபி விதையில் ஐந்தாறு முட்டை ஒட்டியிருந்தால் அத்தனை குடம்பியும் அந்த ஒரு விதையைத்தான் பங்குபோட வேண்டும், வெளியே வருகிறவை சிறுத்துத்தான் வரும். பழைய டயர்த் தண்ணீரில் நெருக்கியடித்து வளர்ந்த நுளம்பும் அப்படித்தான். வெப்பமும் சேர்ந்துகொள்ளும்: குளிரான இடத்தில் குடம்பி மெதுவாக வளர்ந்து பெரிய பூச்சியாகும், சூட்டில் சீக்கிரம் வளர்ந்து சிறியதாகும். ஏசி அறையில் ஒரு போத்தல், சமையலறை அலுமாரியில் ஒரு போத்தல் என்று வைத்துவிட்டு "இது பெரிய பரம்பரை, அது சின்னப் பரம்பரை" என்று எழுதிக்கொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. பட்டினி கிடந்த குடம்பி சின்னதாக மட்டும் வருவதில்லை. கொழுப்புச் சேமிப்பும் குறைந்திருக்கலாம், விந்தும் குறைந்திருக்கலாம், ஆயுளும் குறுகியிருக்கலாம். அப்படியான ஆணோடு சேர்ந்த பெண் முட்டையைக் குறைத்து இட்டால் அது உடலளவின் வேலையா, பட்டினியின் வேலையா? பிரித்துச் சொல்ல முடியாது. ஒரே சாப்பாட்டில், ஒரே வெப்பத்தில், ஒரு விதைக்கு ஒரு முட்டை என்ற கணக்கில் வளர்த்தாலும் வண்டுகளுக்குள் இயல்பாகவே சின்னது பெரியது இருக்கும். அந்த வித்தியாசத்தை வைத்துத் தொடங்குவதுதான் நல்லது. வித்தியாசம் போதாது, பட்டினி போட்டுத்தான் சின்ன ஆண் செய்ய வேண்டும் என்றால் செய்யுங்கள், தலைப்பில் மட்டும் "உடலளவு" என்று எழுதாமல் "குடம்பிக் கால உணவு" என்று எழுதுங்கள்.

அடுத்தது நிறுவை. இது என் சொந்த அவமானம். வண்டு ஒன்றின் எடை சில மில்லிகிராம்தான். செட்டியார் தெருவில் நகை நிறுக்கிற மாதிரியான சின்னத் தராசு ஒன்றை இரவல் வாங்கி வந்தேன். அது காட்டிய மிகக் குறைந்த அளவே 10 மில்லிகிராம், வண்டை வைத்தால் சுழியம், எடுத்தாலும் சுழியம். சரி, நல்ல தராசு இருக்கும் இடத்துக்குப் போய் நிறுத்தேன், அதிலும் கோட்டை விட்டேன். இணைசேர்ந்து முடிந்த பிறகு நிறுத்திருக்கிறேன். இந்த வண்டின் ஆண் ஒரு கலவியில் தன் உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் வரை விந்துத் திரவமாகக் கொடுத்துவிடுகிறது. அறுபது கிலோ ஆள் ஒருவர் ஒரே தடவையில் மூன்று முதல் ஆறு கிலோ இழப்பதற்குச் சமம். நான் நிறுத்ததில் ஆண்களெல்லாம் மெலிந்தும் பெண்களெல்லாம் கொழுத்தும் இருந்தன, நான் அதை "பாலின வேறுபாடு" என்று அட்டவணை போட்டு வைத்திருந்தேன்.

எடை நேரத்துக்கு நேரம் மாறும்: தண்ணீர், சாப்பாடு, வயிற்றிலுள்ள முட்டை எல்லாமே அதற்குள் வருகின்றன. மாறாத கடினமான பாகத்தை அளப்பதே நம்பகமானது. வண்டுக்கு முன்சிறகின் நீளம், பழ ஈக்கு நெஞ்சுப் பகுதியின் நீளம், நுளம்புக்குச் சிறகின் நீளம். நுளம்புச் சிறகின் ஓரத்தில் குஞ்சம் மாதிரி இருக்கிற செதில்களைச் சேர்க்காமல் அளக்க வேண்டும். நுணுக்குக்காட்டியின் கீழ் அளவுகோலும் தெரியும்படி போனில் ஒரு படம் எடுத்தால் போதும், பிறகு ஆறுதலாக அளக்கலாம்.

மூன்றாவது குழி, ஆணையே பார்த்துக்கொண்டிருந்து பெண்ணை மறப்பது. பூச்சிகளில் முட்டை எண்ணிக்கையைத் தீர்மானிப்பதில் பெண்ணின் உடலளவுக்குத்தான் பெரும்பாலும் பெரிய பங்கு. பெரிய வயிறு என்றால் அதிக முட்டைக்கு இடம், அவ்வளவுதான். டின்னுக்குள் ஏற்கெனவே சோடியாக நிற்பவற்றைப் பிடித்து எண்ணினால், பெரிய ஆண் போட்டியில் வென்று பெரிய பெண்ணோடு நின்றிருக்கலாம், முட்டை கூடியது அந்தப் பெண்ணால், பெயர் வாங்குவது ஆண். ஆகவே சோடியை நீங்களே சேர்க்க வேண்டும்: பெரிய ஆண் பெரிய பெண், பெரிய ஆண் சின்னப் பெண், இப்படி நாலு விதமும். ஆண் பெண் பிரிப்பது கஷ்டமில்லை, பெண்ணின் வயிற்று நுனித் தகட்டில் இரண்டு பக்கமும் கருமை தெரியும், ஆணில் அப்படி இருக்காது.

ஆண்கள் வந்தவளை ஏற்றுக்கொள்வார்கள், தெரிவு செய்வது பெண் மட்டும்தான் என்ற எண்ணமும் இதோடு ஒட்டியதுதான். டாரில் குவின் என்ற ஆய்வாளர் 1981இல் வட அமெரிக்காவின் மோர்மன் கிரிக்கெட் என்ற பூச்சியில் காட்டியது நேர்மாறானது. அந்த ஆண் தன் எடையில் கால்வாசிக்கு மேல், சுமார் 27 சதவீதம், விந்துப் பொதியாகக் கொடுக்கிறது. இவ்வளவு பெரிய சீதனம் கொடுக்கிறவன் சும்மா இருப்பானா, மேலே ஏறிய பெண் பாரம் குறைவாக இருந்தால் விலகிவிடுகிறான். பாரமான பெண்ணிடம் முட்டை அதிகம் என்பதுதான் அவனுடைய கணக்கு.

இனி "பெரியதுதான் நல்லது" என்ற நம்பிக்கை. இதில்தான் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும், ஏனென்றால் கேள்வியிலேயே பதிலை வைத்துக்கொண்டு வருகிறார்கள். பழ ஈயில் பெரிய ஆணுக்கு அதிகத் துணை கிடைக்கிறது, உண்மை. ஆனால் ஸ்காட் பிட்னிக்கும் பிரான்சிஸ்கோ கார்சியா கொன்சாலெஸும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், துணையான ஆண் பெரிதாகப் பெரிதாகப் பெண்ணின் ஆயுளும் முட்டையிடும் வேகமும் குறைந்தன. ஆணுக்கு வெற்றியாக இருப்பது பெண்ணுக்கு நட்டமாக இருக்கலாம், ஆகவே "இனப்பெருக்கம் கூடியது" என்று எழுதும்போது யாருடையது என்று சேர்த்து எழுதுங்கள்.

சின்ன ஆணும் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதில்லை. ஒன்தோபேகஸ் சாண வண்டுகளில் பெரிய ஆணுக்குக் கொம்பு உண்டு, பெண் இருக்கும் சுரங்கத்தின் வாயிலில் நின்று காவல் காக்கும். கொம்பில்லாத சின்ன ஆண் பக்கவாட்டில் வேறு சுரங்கம் தோண்டி உள்ளே போய் பெண்ணோடு சேர்ந்துவிட்டு வந்துவிடும். மஞ்சள் சாண இலையானில் சின்ன ஆண் அதிக நேரம் புணர்ந்து ஈடுகட்டுகிறது. உடலளவுக்கும் விந்துக்கும் நேர்க்கோட்டுத் தொடர்பு இருக்கும் என்று நினைப்பவர்களுக்கு டுரோசோபிலா பைபேர்க்கா என்ற பழ ஈயைக் காட்ட வேண்டும்: சில மில்லிமீட்டர் உடம்பு, ஒரு விந்தணுவின் நீளம் ஏறக்குறைய 5.8 சென்றிமீட்டர்.

எண்ணுவதிலும் தவறுவார்கள், அதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் நாள் முட்டையை மட்டும் எண்ணி நிறுத்தாதீர்கள், பெண் சாகும்வரை எண்ணுங்கள். முட்டையையும் பொரித்ததையும் வேறாக எழுதுங்கள். பயறு வண்டில் இது சுலபம், பொரித்த முட்டை வெள்ளையாகத் தெரியும், பொரிக்காதது கண்ணாடி மாதிரி இருக்கும். ஏற்கெனவே சேர்ந்த ஆணைப் பயன்படுத்தாதீர்கள், இரண்டாம் முறை அது கொடுக்கும் அளவு நன்றாகக் குறைந்துவிடும். அதற்காக வண்டு வெளிவரும் முன்பே ஒவ்வொரு விதையையும் தனித்தனியாக வைக்க வேண்டும். ஒரே தாயின் எண்பது பிள்ளைகளை எண்பது மாதிரி என்று கணக்கெடுக்காதீர்கள், அது ஒரு குடும்பம், ஒரு மாதிரி. அப்புறம், பாவம் பார்த்துத் தண்ணீர் வைக்காதீர்கள். இந்த வண்டின் பெண் விந்துத் திரவத்திலிருந்து ஈரத்தையும் எடுத்துக்கொள்கிறது, தாகம் தீர்ந்த பெண் திரும்பச் சேருவது குறைகிறது என்று காட்டியிருக்கிறார்கள். நனைந்த பஞ்சு ஒன்றே உங்கள் முடிவைப் புரட்டிவிடும்.

சிலந்தி உதாரணத்தையும் விட்டுவிடுங்கள். இராட்சதப் பெண்ணும் பொடி ஆணும் என்று படம் போடுவதற்கு அழகாக இருக்கும், ஆனால் எட்டுக் கால், பூச்சி இல்லை. பரீட்சைத் தாளில்கூட எழுதுகிறார்கள்.

கொழும்பில் இருந்துகொண்டு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு டெங்கு நுளம்பைத்தான் சொல்வேன். ஏடிஸ் எகிப்தியில் பெரிய ஆணிடம் விந்தணு அதிகம். பெண் பெரும்பாலும் ஒரு தடவை சேர்ந்து அந்த விந்தைச் சேமித்து வைத்தே முட்டையிடும். மலட்டு ஆண் நுளம்புகளை வளர்த்து வெளியே விட்டு, அவற்றோடு சேரும் பெண்களின் முட்டை பொரிக்காமல் செய்யும் முறையில், தட்டுகளில் குடம்பிகளை நெருக்கி வளர்த்துச் சின்ன ஆண்களாக விட்டால், வெளியிலுள்ள ஆண்களோடு அவை போட்டிபோட வேண்டுமே. அங்கேயும் பெண்ணின் முட்டை எண்ணிக்கை அவள் குடித்த இரத்தத்தின் அளவோடு போகும், அதை அளக்காமல் ஆணுக்குப் புகழ் கொடுக்க முடியாது.

போன மாதம் ஒரு தங்கச்சி மருந்துக் குளிசைப் பெட்டிகளோடு வந்தாள், ஒவ்வொரு அறையிலும் ஒவ்வொரு கௌபி விதை. ஆண் பெரிதா சின்னதா என்று அவள் சொல்லத் தொடங்க, அதை விட்டுவிட்டு ஒரு விதைக்கு எத்தனை முட்டை என்று கேட்டேன். "ஒண்டுதான் அண்ணா," என்றாள், "மிச்சத்தை ஊசியால சுரண்டிட்டன்."