வடக்கில் கட்ட வருகிறவர்களே, காணியிலிருந்து தொடங்குங்கள்

போர் முடிந்து பதினைந்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. ஆனாலும் இலங்கையின் வடக்கில் கட்டுமானத்தில் காசு போட வருகிறவர்கள் குறையவில்லை. 2022 பொருளாதார நெருக்கடியில் ஓய்ந்துபோனது இப்போது மறுபடி தொடங்கியிருக்கிறது. பலாலியில் சென்னை விமானம் இறங்குகிறது. 2023 ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பலும் ஓடத் தொடங்கியது. கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் விடுமுறைக்கு வருகிறவர்கள் ஒரு விடுதி, ஒரு அரிசி ஆலை, ஒரு குளிர்களஞ்சியம் என்று ஏதாவது ஒரு திட்டத்தோடு திரும்பிப் போகிறார்கள். நல்ல விஷயம்தான். வன்னிக்கு வேலை வேண்டும், கட்டடம் வேண்டும், காசும் வேண்டும்.

ஆனால் 2010, 2011 காலத்தில் எங்கள் கட்டுமானத் தொழிலில் இருந்த எல்லோரும் செய்த பிழைகளை இவர்கள் ஒன்று விடாமல் திரும்பச் செய்கிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. நாலு பேரிடம் விலை கேளுங்கள், பிரதேச சபை அனுமதி எடுங்கள், மேசனுக்கு முழுக்காசையும் முன்னாலேயே கொடுக்காதீர்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

காணி உறுதியைப் பார்த்ததும் அத்திவாரம் வெட்டுவது

இதைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன். மற்றப் பிழைகளில் காசு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். இதில் போட்டது மொத்தமும் போகும்.

பரந்தன் பக்கம், ஏ9 வீதியோரம், ஒரு பாதிக் கட்டடம் நிற்கிறது. களஞ்சியமாக வந்திருக்க வேண்டியது. தூண்கள் எழும்பி, பீம் கட்டி, அதோடு நின்றுவிட்டது. கம்பிகள் துருப்பிடித்து, மழைக்குக் கொங்கிரீட்டில் செங்காவி வடிந்திருக்கிறது. அதைக் கட்டத் தொடங்கியவர் ஐரோப்பாவில் இருபது வருடம் உழைத்த காசை அதில் போட்டார். காணியைக் காட்டிய தரகர் ஒரு உறுதியை, அதாவது காணிப் பத்திரத்தைக் கொடுத்தார். நொத்தாரிசின் முத்திரை, சாட்சிகளின் கையெழுத்து எல்லாம் அதில் ஒழுங்காக இருந்தன. விற்றவர் அந்தக் காணியிலேயே பிறந்து வளர்ந்தவர். வேறென்ன வேண்டும் என்று நினைத்தார்கள். வேலைக்கு விலை கேட்டு என்னிடம் வந்தபோது, பிரதேச செயலகத்தில் காணிப் பதிவைப் பார்த்துவிட்டுத் தொடங்குவோம் என்றேன். "அதை அப்புறம் பார்க்கலாம் அண்ணை, மழைக்கு முதல் அத்திவாரம் போடவேணும்" என்றார் தரகர். வேலை வேறொருவருக்குப் போனது.

உண்மையில் அது அனுமதிப்பத்திரக் காணி, அதாவது குடியிருக்கவும் பயிர்செய்யவும் அனுமதி கொடுத்த அரச காணி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ், குடியேற்றத் திட்டத்தில் விற்றவருடைய தகப்பனுக்குக் கொடுக்கப்பட்டது. அனுமதிப்பத்திரத்தை வைத்து யாருக்கும் அறுதியாக விற்க முடியாது. அது அளிப்பாக, அதாவது அரசு நிபந்தனையோடு எழுதிக் கொடுக்கும் உரித்தாக, மாறிய பிறகும் பிரதேச செயலாளரின் எழுத்து மூலச் சம்மதம் இல்லாமல் கைமாற்றினால் அந்தக் கைமாற்றம் செல்லாது. தகப்பன் தனக்குப் பிறகு காணியைப் பெறும் பின்னுரித்தாளராகப் பெயர் கொடுத்திருந்தது விற்ற மகனை அல்ல, மகளை. அவர் முள்ளிவாய்க்காலிலிருந்து தப்பி, மெனிக் பாம் முகாமில் இருந்து, பிறகு வேறு மாவட்டத்தில் உறவினரோடு தங்கியிருந்தார். திரும்பி வந்து பார்த்தால் தகப்பனின் வளவில் தூண்கள் நிற்கின்றன. பிரதேச செயலகம் வேலையை நிறுத்தியது. அதன்பின் வழக்கு.

இந்தக் கதையைச் சொன்னால் பலர் அந்தப் பெண்ணைத் தடங்கலாகப் பார்க்கிறார்கள். "சரியான நேரத்தில் வந்து கெடுத்துவிட்டாள்" என்று ஒருவர் என்னிடமே சொன்னார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. காணி அவருடையது. போர் அவரைத் துரத்தியது, அவர் திரும்பி வந்தார். மீள்கட்டுமானம் என்று நாம் சொல்வதே அப்படித் திரும்பி வருகிறவர்களுக்காகத்தான். கிராம அலுவலரிடம் அரை மணி நேரம் பேசியிருந்தால் இதெல்லாம் வெளியே வந்திருக்கும். அந்த ஊரில் எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை.

இன்றைக்கும் இதே கதைதான். அதனால் காணி வகைகளைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பெரும்பாலும் உறுதிக் காணி, அதாவது உறுதி எழுதிக் கைமாறும் தனியார் காணி. அங்கே சிக்கல் வேறு விதம். ஒரு வளவு ஆறு சகோதரருக்குப் பிரிக்காமல் கிடக்கும். ஆறு பேரும் ஐந்து நாடுகளில் இருப்பார்கள். ஒருவர் "இந்த வேலியிலிருந்து அந்தப் பனை வரைக்கும் என் பங்கு" என்று கையால் காட்டி விற்பார். பிரிக்காத காணியில் கையால் காட்டும் எல்லைக்கு மதிப்பில்லை. உங்களுக்குக் கிடைப்பது முழு வளவிலும் ஆறில் ஒரு பங்கு மட்டும். அதற்கு மேலே தேசவழமை, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டம், இருக்கிறது. முதுசமா (பரம்பரைச் சொத்து), சீதனமா, தேடியதேட்டமா (மணமான பின் தேடியது) என்பதைப் பொறுத்து யார் கையெழுத்து வேண்டும் என்பது மாறும். தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் சீதனக் காணியை விற்பதற்கும் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். அந்தச் சட்டம் நியாயமா என்பது வேறு கேள்வி, ஆனால் இன்றும் நடைமுறையில் இருப்பது அதுதான். பங்காளிகளுக்கு முன்வாங்கும் உரிமையும் உண்டு. 1947ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் சொல்கிறபடி அவர்களுக்கு முறையாக அறிவித்தல் கொடுக்காமல் வாங்கினால், அவர்கள் நீதிமன்றத்துக்குப் போய்க் காணியைத் தங்களுக்கு எடுக்கலாம்.

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் அனுமதிப்பத்திரமும் அளிப்பும்தான் அதிகம். வெள்ளைத்தாளில் எழுதி, முத்திரை ஒட்டி, "வாங்கிவிட்டேன்" என்று சொல்கிறவர்கள் அங்கே நிறைய. அவர்கள் எதையும் வாங்கவில்லை.

மூன்றாவது, எந்தக் கடதாசியும் இல்லாமல் குடும்பங்கள் இருக்கும் காணி. 1977 கலவரத்துக்குப் பிறகும் 1983க்குப் பிறகும் மலையகத்திலிருந்து ஓடிவந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள் இன்னும் பலர் இப்படியே இருக்கிறார்கள். போர்க்காலத்தில் விடுதலைப் புலிகளின் நிர்வாகம் கொடுத்த துண்டுகளை வைத்திருப்பவர்களும் உண்டு. அரச பதிவில் அவற்றுக்கு இடமில்லை. இப்படிப்பட்ட காணியை வேறொருவர் உறுதியோடு வந்து விற்றால், நீங்கள் வாங்குவது ஒரு குடும்பத்தை வெளியேற்றும் வேலையையும் சேர்த்துத்தான். வேண்டாம். கட்டுவதற்கு வன்னியில் வேறு இடம் இருக்கிறது.

"பத்து வருடம் இருந்துவிட்டால் சொந்தம்" என்று தரகர்கள் சொல்லும் ஆட்சியுரிமைக் கதையையும் நம்பாதீர்கள். அரச காணிக்கு எதிராக அது ஓடாது. தனியார் காணியிலும், போரால் உரிமையைக் கேட்க முடியாமல் போனவர்களுக்காக 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அவர்களுக்கு எதிராகக் கணக்கிடக் கூடாது என்பது அதன் சாரமாக இருந்தது.

சரி, என்ன செய்வது? முற்பணம் கொடுக்க முன்பு காணிப் பதிவகத்தில் தோம்பு, அதாவது காணியின் பதிவேடு, பாருங்கள். கடைசி உறுதியோடு நிற்காமல் முப்பது வருடமாவது பின்னால் போங்கள். இடப்பெயர்வில் அழிந்த ஏடுகள் உண்டு. தொடர்ச்சி அறுந்திருந்தால் அதுவே எச்சரிக்கை. பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் அந்தத் துண்டு அரச காணியா என்று எழுத்தில் கேளுங்கள். காட்டோரம் என்றால் வனத் திணைக்களத்திடமும் கேளுங்கள். போர்க்காலத்தில் ஆளில்லாமல் காடு மண்டிய வயல்கள் வன எல்லைக்குள் போன இடங்கள் இருக்கின்றன. பழைய வரைபடத்தை நில அளவையாளரிடம் கொடுத்து, எல்லைக் கல்லுகள் வரைபடத்தில் உள்ள இடத்தில் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். கடைசியாக, தரகர் இல்லாமல் தனியே போய் அக்கம்பக்கத்தாரோடு பேசுங்கள். இதற்கெல்லாம் சில மாதம் எடுக்கும். எடுக்கட்டும்.

அற்றோணித் தத்துவம்

வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளருக்கு நீங்களே வீடியோவில் அழைத்துப் பேசாமல், தனக்காக விற்க அவர் இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்ததாகச் சொல்லும் தத்துவத்தை நம்பிக் காசு கொடுக்காதீர்கள்.

குடியுரிமையை மறந்து காணி வாங்குவது, உண்டியலில் காசு அனுப்புவது

இலங்கைக் குடியுரிமையை விட்டவர்கள் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவர் பெயருக்குக் காணியை அறுதியாக மாற்ற முடியாது. பாதியோ அதற்கு மேலோ வெளிநாட்டவரிடம் பங்கு இருக்கும் நிறுவனத்துக்கும் அதே தடை. இரட்டைக் குடியுரிமை எடுத்தவருக்குத் தடையில்லை. மற்றவர்கள் நீண்டகாலக் குத்தகைக்கு எடுக்கலாம். இதைச் செய்யாமல் "தம்பி பெயரில் வாங்குவோம்" என்பதுதான் வழக்கம். காணி தம்பி பெயரில் இருந்தால் சட்டப்படி அது தம்பியுடையது. அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவருக்குப் பிறகு அவர் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

காசை வங்கி வழியே இல்லாமல் உண்டியலில் அனுப்பினால் பரிமாற்ற வீதம் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். ஆனால் அந்தக் காசு வெளியிலிருந்து வந்தது என்பதற்கு உங்களிடம் எந்தச் சான்றும் இருக்காது. நாளைக்குக் கட்டடத்தை விற்று அல்லது இலாபத்தை எடுத்து வெளியே அனுப்ப வேண்டும் என்றால், வங்கியில் உள்முக முதலீட்டுக் கணக்குத் திறந்து அதன் வழியாகவே கொண்டுவர வேண்டும். முதல் ரூபாவிலிருந்தே அப்படிச் செய்யுங்கள், பிறகு பின்னோக்கித் திருத்த முடியாது.

எல்லோரும் கட்டும்போது கட்டத் தொடங்குவது

2012 ஒக்டோபரில் இந்திய வீட்டுத் திட்டத்தின் பெரிய கட்டம் தொடங்கியது. வடக்கிலும் கிழக்கிலும் 45,000 வீடுகள். வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா, கட்டம் கட்டமாகப் பயனாளியின் கணக்குக்கே வந்தது. இடைத்தரகர் இல்லாமல் உரிமையாளரே கட்டுவது என்பது அருமையான யோசனை, அதை நான் இன்றும் பாராட்டுவேன். ஆனால் ஒரே நேரத்தில் இத்தனை ஆயிரம் அத்திவாரம் வெட்டினால் என்ன நடக்கும்? மேசன் இல்லை. மணல் விலை ஏறியது, மரமும் தட்டுப்பாடு. வெளிநாட்டுச் சொந்தங்கள் அனுப்புவதாகச் சொன்னதை நம்பி அத்திவாரத்தைப் பெரிதாக்கிய குடும்பங்கள், கூரை போட நகையை அடகு வைத்தன. நுண்கடன்காரர்கள் வீடு வீடாக வரத் தொடங்கினதும் அந்தக் காலத்தில்தான்.

முதலீடு செய்கிறவருக்கு இதில் இரண்டு பாடம். பெரிய உதவித் திட்டம் ஒன்று நடக்கும்போது உங்கள் மதிப்பீடு பழைய விலையில் இருக்கக் கூடாது. அப்புறம், அந்தத் திட்டம் முடியும்போது கேள்வியும் முடியும். அப்போது சீமெந்துக் கல்லரிக்கும் ஆலை போட்டவர்கள் பலர் அதைப் பழைய இரும்புக்கு விற்றார்கள்.

நிலையான விலைக்கு ஒப்பந்தம் எழுதுவது

2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபா அளவிலிருந்தது. இரண்டு மாதத்துக்குள் 350ஐத் தாண்டியது. சீமெந்து, கம்பி, வயர், பெயின்ட் எல்லாம் அதோடு ஏறின. நிலையான விலைக்குக் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தகாரர்கள் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடினார்கள். அவர்களைத் திட்டிப் பயனில்லை. முடித்திருந்தால் வீட்டை விற்றுத்தான் முடித்திருக்க வேண்டும். உரிமையாளருக்கும் அதில் இலாபமில்லை, பாதிக் கட்டடம்தான் மிஞ்சியது. நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகார சபையின் நியம ஒப்பந்தங்களில் விலைத் திருத்தச் சூத்திரம் இருக்கிறது. சிறிய வேலைதானே என்று அதை வெட்டிவிடாதீர்கள்.

கண்ணிவெடி

அகற்றிக் கையளித்த சான்று இல்லாத காணியில் ஒரு மண்வெட்டி கூட விழக் கூடாது, முகமாலைப் பக்கம் முக்கியமாக.

மணல்

புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் அனுமதி இல்லாத டிப்பரிலிருந்து வாங்காதீர்கள். மலிவாக வருவது வடமராட்சி கிழக்கின் மணல் திட்டுகளைச் சுரண்டியதாக இருக்கும். அந்தத் திட்டுகள்தான் கடலை ஊருக்குள் விடாமல் வைத்திருக்கின்றன. உப்பு மணல் கம்பியையும் தின்னும்.

தண்ணீரைக் கடைசியில் நினைப்பது

குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. கீழே சுண்ணாம்புக் கல். மழைநீர் அதன் வெடிப்புகளில் இறங்கி, உப்பு நீருக்கு மேலே மிதந்துகொண்டிருக்கிறது. அளவுக்கு மேல் இறைத்தால் கிணற்றில் உப்பு ஏறும். மலசலகூடக் குழியிலிருந்து கசிவதும் அதே வெடிப்புகளால் அதே கிணற்றுக்குப் போகும். சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரைக்கும் போனது. இரணைமடுக் குளத்துத் தண்ணீரைக் குடாநாட்டுக்குக் கொண்டுபோகும் யோசனையைக் கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். அவர்கள் பயிருக்கு அதுதான் உயிர். கடைசியில் தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் கட்டி, 2024இல் திறந்தார்கள்.

இவ்வளவுக்குப் பிறகும், நாற்பது அறை விடுதிக்கு வரைபடம் கொண்டுவருகிறவர்களிடம் கழிவுநீர் எங்கே போகும் என்று கேட்டால், "பின்னால் ஒரு குழி வெட்டலாம்" என்கிறார்கள். பின்னால் அயலவரின் கிணறு இருக்கிறது. வரைபடக்காரரிடம் போக முன்பு, சுற்றியுள்ள கிணறுகள் எல்லாவற்றையும் காணி வரைபடத்தில் குறியுங்கள். ஐப்பசி மழைக்குப் பிறகும் ஆவணி வெயிலிலும் அவற்றின் நீர்மட்டத்தையும் உப்பையும் அளந்து பாருங்கள். சுத்திகரிப்புத் தொட்டி எங்கே, எவ்வளவு பெரிதாக வரும் என்பதை அதை வைத்து முடிவு செய்யுங்கள். அறைகளின் எண்ணிக்கையை அதற்குப் பிறகு போடுங்கள்.