டவுன்கிரேடில் படுத்த போனை எழுப்பிய கதை

புது அப்டேட்டில் சார்ஜ் நிற்கவில்லை என்று பழைய ஆண்ட்ராய்டுக்கு இறங்கப் போனேன். பாதியில் கேபிள் ஆடியது. திரை கறுத்துவிட்டது.

பதறி எதையும் அமுக்காதீர்கள். ஒரு மணி நேரம் சார்ஜில் போடுங்கள். பிறகு பவர், வால்யூம் குறைக்கும் பட்டன் இரண்டையும் சேர்த்து 30 விநாடி விடாமல் பிடியுங்கள். எனக்கு 4ஆம் தடவைதான் லேசாக அதிர்ந்து ஃபாஸ்ட்பூட் திரை (கணினியிலிருந்து போனில் மென்பொருள் ஏற்ற உதவும் நிலை) வந்தது. பாதிக் கிணறு தாண்டியாச்சு. ஆட்கள் விழுவது மீதியில்தான்.

அங்கே செய்யும் தப்பு, அதே பழைய பதிப்பை மறுபடி ஏற்றுவது. 2017இல் வந்த ஆண்ட்ராய்டு 8 தொட்டு ரோல்பேக் தடுப்பு, அதாவது பழைய பதிப்புக்கு இறங்கவிடாத காவல், இருக்கிறது. அது உள்ள போன் பழையதை ஏற்காமல் போகலாம். கடைசியாக ஒழுங்காக ஓடிய பதிப்பையோ அதற்குப் புதியதையோ எடுங்கள். தயாரிப்பாளர் தரும் முழு ஃபேக்டரி இமேஜ்தான் (போனின் மொத்த மென்பொருளும் அடங்கிய கோப்பு) வேண்டும், மாடல் எண்ணில் ஓர் எழுத்துகூடப் பிசகக்கூடாது. போனை எழுப்பும் முதல் மென்பொருளான பூட்லோடர் பூட்டாமல் திறந்திருந்தால்தான் இந்த வழி நடக்கும்.

யுஎஸ்பி ஹப் வேண்டாம், கேபிளை நேராகக் கணினியில் செருகுங்கள். கணினியின் கட்டளைத் திரையில் 'ஃபாஸ்ட்பூட் டிவைசஸ்' (fastboot devices) என்று கேட்டால் போனின் சீரியல் எண் வர வேண்டும். வந்ததும் இமேஜோடு வரும் ஃப்ளாஷ் ஸ்கிரிப்டை (எல்லாவற்றையும் தானே ஏற்றும் கோப்பு) ஓட்டிவிட்டு கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். உள்ளே இருந்த படங்கள் போய்விடும், எனக்கும் போயின.

போன் முழுசாக எழும்வரை பூட்லோடரைத் திரும்பப் பூட்டாதீர்கள். திரையே வராமல் கணினியில் 'குவால்காம் 9008' என்று மட்டும் தெரிந்தால் அது அவசர நிலை. சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள்.