போன், மெசேஜ், மெயில் மோசடியில் மாட்டாமல் இருப்பது எப்படி? முதலிலிருந்து ஒரு செய்முறை

மோசடி மெசேஜ் என்றால் எழுத்துப்பிழை இருக்கும், வாக்கியம் கோணல்மாணலாக இருக்கும், அதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம் என்று ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அதை இனி நம்பவேண்டாம். ஏஐ கருவிகள் வந்தபிறகு எந்த மொழியிலும் பிழையில்லாமல் எழுதிவிட முடிகிறது. சின்னம், நிறம், அடியில் வரும் சட்டக் குறிப்பு வரை அசலில் இருந்து அப்படியே எடுத்து ஒட்டிவிடுகிறார்கள். அதனால் இங்கே போலியைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடிக்கும் வித்தையைவிட, அது போலியா அசலா என்று தெரியாமலே பத்திரமாக இருப்பது எப்படி என்பதைத்தான் அதிகம் சொல்லப்போகிறேன். கணினி அறிவு எதுவும் தேவையில்லை, கொஞ்சம் பிடிவாதம் போதும்.

படி 1: மூன்று கேள்விகள்

எது வந்தாலும், கையை வைப்பதற்கு முன் மனதுக்குள் கேளுங்கள். இதை நான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேனா? இப்போதே செய்யவேண்டும் என்று அவசரப்படுத்துகிறார்களா? பணம் அனுப்பு, ஓடிபி சொல், லிங்க்கைத் தொடு, செயலியை ஏற்று என்று என்னை ஏதாவது செய்யச் சொல்கிறார்களா? இதில் இரண்டுக்கு விடை மோசடி பக்கம் சாய்ந்தாலே அங்கேயே நிறுத்திவிடலாம்.

கதை மாறிக்கொண்டே இருக்கும். கணக்கு முடக்கம், பார்சல் தேக்கம், வரி பாக்கி, பரிசு, வீட்டிலிருந்தே வேலை, உங்கள் பெயரில் வழக்கு. எல்லாக் கதைக்கும் அடியில் இருப்பது பயம் அல்லது ஆசை, சில சமயம் பாசம். இவற்றைவிட எனக்கு உறுதியாகத் தோன்றும் அடையாளம் ஒன்று உண்டு: "லைனைக் கட் பண்ணாதீர்கள்", "வீட்டில் யாரிடமும் சொல்லாதீர்கள்" என்று சொன்னால் அதற்குமேல் யோசிக்கவே வேண்டாம். நேர்மையான எந்த அலுவலகத்துக்கும் நீங்கள் இன்னொருவரிடம் கலந்து பேசுவதில் பிரச்சினை கிடையாது. நீங்கள் தனியாக இருக்கவேண்டிய தேவை மோசடிக்காரருக்கு மட்டும்தான்.

படி 2: வந்த வழியை விட்டு வேறு வழியில் விசாரியுங்கள்

ஒரே ஒரு பழக்கத்தைத்தான் எடுத்துக்கொள்வேன் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் உங்களைத் தேடி வந்த பாதையில் பதில் சொல்லாதீர்கள். வங்கியிலிருந்து என்று அழைப்பு வந்தால் வைத்துவிட்டு, வங்கி அட்டையின் பின்னால் அச்சடித்திருக்கும் எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். மெயில் வந்தால் அதிலுள்ள லிங்க்கை விட்டுவிட்டு, எப்போதும் பயன்படுத்தும் செயலியைத் திறந்து உள்ளே அப்படி ஏதாவது அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். உண்மையான பிரச்சினை என்றால் அங்கேயும் தெரியும்.

எண்ணை எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதிலும் கவனம் வேண்டும். தேடுபொறியில் "வாடிக்கையாளர் சேவை எண்" என்று தேடினால் மேலே வரும் விளம்பரத்திலேயே போலி எண் இருக்கலாம். அட்டை, பழைய ரசீது, ஒப்பந்தத் தாள் இவற்றில் உள்ளதை எடுத்துக்கொள்வது நல்லது.

பார்த்தது, கேட்டது எதையும் நம்பமுடியாத நிலைக்கு வந்துவிட்டோம் என்பதற்கு ஒரு சம்பவம். ஆரப் என்ற பொறியியல் நிறுவனத்தின் ஹாங்காங் ஊழியர் ஒருவருக்கு, ரகசியமாகப் பணப்பரிமாற்றம் செய்யவேண்டும் என்று நிதித் தலைமை அதிகாரி பெயரில் மெயில் வந்தது. அந்த ஊழியருக்கு முதலில் சந்தேகம்தான். அப்புறம் வீடியோ கால் ஒன்றில் அதிகாரியும் சக ஊழியர்களும் நேரில் பேசுவதுபோலப் பேச, சந்தேகம் போய்விட்டது. சுமார் 20 கோடி ஹாங்காங் டாலர் கைமாறியது. திரையில் இருந்தவர்கள் எல்லோருமே ஏஐ மூலம் உருவாக்கப்பட்டவர்கள் என்று 2024இல் வெளியே வந்தது. கூர்மையாகப் பார்ப்பதால் இதிலிருந்து தப்பித்திருக்க முடியாது. கால் முடிந்ததும் அதே அதிகாரிக்கு, ஏற்கெனவே தெரிந்த எண்ணில் ஒரு போன் போட்டிருந்தால் போதும்.

படி 3: அழைப்பு வரும்போது

திரையில் காட்டும் எண்ணும் பெயரும் ஆதாரம் ஆகாது. இணையம் வழியாக அழைக்கும்போது எந்த எண்ணிலிருந்து வருவதாகக் காட்டவேண்டும் என்பதை அழைப்பவர் மாற்றிவிட முடியும். உங்கள் வங்கியின் உண்மையான எண்ணே திரையில் வரலாம். உங்கள் பிறந்த தேதி, முகவரி, அட்டையின் கடைசி நான்கு இலக்கம் எல்லாம் சொல்வார்கள். எங்கோ கசிந்த தரவுத் தொகுப்பில் அவை கிடைத்துவிடும். என்னைப் பற்றி இவ்வளவு தெரிந்திருக்கிறதே என்று மலைத்துப்போய்விடாதீர்கள்.

ஓடிபி கேட்டால் பேச்சு அங்கேயே முடிந்தது. "கேன்சல் செய்வதற்கான எண்" என்று சொல்லிக் கேட்பார்கள். ஓடிபி வந்த மெசேஜை முழுதாகப் படித்தால் அது எதற்கான எண் என்று பெரும்பாலும் அதிலேயே எழுதியிருக்கும். எனிடெஸ்க், டீம்வியூவர் மாதிரி செயலியை ஏற்றச் சொன்னாலும் அப்படித்தான். செயலிகள் நல்லவைதான், ஆனால் அவற்றின் வேலையே உங்கள் திரையை இன்னொருவர் பார்க்கவும் இயக்கவும் விடுவது.

பலருக்குத் தெரியாத ஒரு தந்திரம்: ஒரு நட்சத்திரக் குறியோடு தொடங்கும் எண்ணை அழுத்தச் சொல்வார்கள். *21* என்று தொடங்கி பின்னால் அவர்கள் எண் இருந்தால், உங்களுக்கு வரும் எல்லா அழைப்பும் அவர்களுக்குத் திரும்பிவிடும், குரல் வழியாக வரும் ஓடிபி உட்பட. உங்கள் போனில் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க *#21# அழுத்துங்கள். எல்லாத் திருப்புதலையும் நீக்க ##002#. பெரும்பாலான நெட்வொர்க்குகளில் இது வேலை செய்யும். குரல் அஞ்சல் வைத்திருப்பவர்கள் அதை மறுபடி அமைக்கவேண்டி வரலாம்.

அப்புறம், மகனோ அக்காவோ அழுதுகொண்டே பேசும் குரல். கொஞ்ச நேரப் பேச்சுப் பதிவு கிடைத்தாலே குரலை நகல் எடுத்துவிட முடிகிறது. குடும்பத்துக்குள் ஒரு ரகசியச் சொல்லை இன்றைக்கே பேசி வைத்துக்கொள்ளுங்கள், சமூக ஊடகத்தில் எங்கும் எழுதாத சொல்லாக. அந்தச் சொல்லைக் கேட்டதும் எதிர்முனையில் பேசுபவர் தடுமாறினால் வைத்துவிட்டு அவருடைய பழைய எண்ணுக்கு அழைக்கவேண்டும்.

படி 4: மெசேஜ்

அனுப்புநர் பெயர் இங்கும் நம்பகமில்லை. கடித உறையின் மேல் அனுப்புநர் முகவரியை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் எழுதலாம் அல்லவா, அந்த மாதிரிதான் எஸ்எம்எஸ் பெயரும் பல இடங்களில். இதில் மோசமான விஷயம், பெயர் ஒன்றாக இருந்தால் போன் அதை வங்கியின் பழைய உண்மையான மெசேஜ்களுக்குக் கீழேயே அடுக்கிவிடும். அசலும் போலியும் ஒரே வரிசையில்.

லிங்க் இருந்தால் தொடாதீர்கள். என்னவென்று பார்த்தே ஆகவேண்டும் என்றால் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் முழு முகவரி தெரியும் (சுருக்கப்பட்ட லிங்க் என்றால் அதுவும் பயனில்லை). சுவரில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியீடும் ஒரு லிங்க்தான், கண்ணால் படிக்க முடியாத லிங்க். "நிறுத்த பதில் அனுப்பவும்" என்று மோசடி மெசேஜே சொன்னாலும் அனுப்பவேண்டாம். அனுப்பினால் இந்த எண்ணுக்கு வரும் மெசேஜை ஒருவர் படிக்கிறார் என்று உறுதிசெய்து கொடுத்ததாகிவிடும்.

லிங்க் எதுவுமே இல்லாத வகைதான் நீண்ட நாள் பிடிக்கும். "நேற்று சந்திப்பதாகச் சொன்னீர்களே?" என்று தப்பான எண்ணுக்கு வந்தமாதிரி ஒரு மெசேஜ். நீங்கள் மரியாதைக்குப் பதில் சொல்ல, பேச்சு வளர்ந்து, வாரக்கணக்கில் நட்பு, பிறகு பெரிய லாபம் தரும் ஒரு முதலீட்டுச் செயலி. அந்தச் செயலியில் தெரியும் லாபம் வெறும் எண், அவர்களே எழுதுவது. நம்பிக்கை வரட்டும் என்று முதலில் கொஞ்சம் பணத்தை எடுக்கவும் விடுவார்கள், பெரிய தொகை போட்டபிறகு "வரி கட்டினால்தான் எடுக்கமுடியும்" என்று ஆரம்பிக்கும். தெரியாத எண்ணுக்கு மரியாதை காட்டாததால் யாருக்கும் ஒன்றும் குறைந்துவிடாது, பதில் சொல்லாமல் பிளாக் செய்யுங்கள்.

படி 5: மெயிலும் இணைய முகவரியும்

மெயிலில் பெயரைத் தொட்டால் அதன் பின்னாலுள்ள முழு முகவரி விரியும். @ குறிக்குப் பிறகு வருவதைப் படியுங்கள். இணைய முகவரியைப் படிக்கும் முறை ஒன்றுதான், அதை ஒருமுறை கற்றுக்கொண்டால் பாதிப் போலிகள் கழிந்துவிடும்: தொடக்கத்தில் https:// இருந்தால் அதை விட்டுவிட்டு, அடுத்து வரும் முதல் சாய்கோடு (/) வரைக்கும் போய், அங்கிருந்து பின்னோக்கிப் படியுங்கள். "என்வங்கி.காம்.கணக்கு-சரிபார்ப்பு.நெட்/உள்நுழை" என்று இருந்தால் சாய்கோட்டுக்கு முன்னால் இருப்பது "கணக்கு-சரிபார்ப்பு.நெட்". அதுதான் தளத்தின் சொந்தக்காரர். முன்னால் இருக்கும் "என்வங்கி.காம்" வெறும் அலங்காரம், யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். இதிலும் எழுத்து ஏமாற்று உண்டு: ஆங்கில எழுத்து போலவே தோன்றும் ரஷ்ய எழுத்தைச் செருகிவிட்டால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது.

இணைய முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுச் சின்னம் இருக்கிறதே என்று நிம்மதி அடையவும் வழியில்லை. போகும் தகவலை நடுவில் யாரும் படிக்க முடியாதபடி மறைகுறியாக்கியிருக்கிறது என்பதுதான் அதன் பொருள். எதிர்முனையில் இருப்பவர் நல்லவர் என்று அது சொல்லவே இல்லை. இந்தக் குழப்பத்தால்தான் குரோம் 2023இல் பூட்டுச் சின்னத்தையே எடுத்துவிட்டது.

அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி இதில் செலுத்துங்கள்" என்று விற்பனையாளர் பெயரில் வரும் மெயில். 2013க்கும் 2015க்கும் நடுவில் லிதுவேனியாவைச் சேர்ந்த ஒருவர் வன்பொருள் நிறுவனம் ஒன்றின் பெயரில் போலி விலைப்பட்டியல் அனுப்பி, கூகுள், பேஸ்புக் இரண்டிடமும் சேர்த்து 10 கோடி டாலருக்கு மேல் வாங்கிவிட்டார். கணக்கு எண் மாறினால், பழைய எண்ணில் அழைத்துக் கேட்டபிறகே பணம் என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: ஒருமுறை உட்கார்ந்து செய்யவேண்டியவை

பாஸ்வேர்ட் மேலாளர் (பாஸ்வேர்ட்களைச் சேமித்துவைத்துத் தானே நிரப்பும் செயலி) ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், போனிலேயே வருவதுகூடப் போதும். ஒவ்வொரு தளத்துக்கும் வேறு பாஸ்வேர்ட் என்பது ஒரு பயன், எனக்குப் பெரிதாகத் தெரிவது இன்னொன்று. நம் கண் போலித் தளத்தைப் பார்த்து ஏமாறும், மேலாளர் ஏமாறாது. முகவரி எழுத்துக்கு எழுத்து பொருந்தவில்லை என்றால் தானாக நிரப்பாது. வழக்கமாக நிரப்பும் இடத்தில் நிரப்பவில்லை என்றால் அதையே எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

இரண்டு கட்டச் சரிபார்ப்பை, அதாவது பாஸ்வேர்டோடு ஓடிபி போல இன்னொன்றும் கேட்கும் அமைப்பை, எல்லாவற்றிலும் போடுங்கள், முதலில் மெயிலுக்கு, ஏனென்றால் மற்ற கணக்குகளின் பாஸ்வேர்டை மாற்றும் லிங்க் அங்கேதான் வரும். ஆனால் ஓடிபி இருக்கிறதே என்று அசட்டையாக இருக்கமுடியாது: போலித் தளத்தில் நீங்கள் இடும் ஓடிபியை அடுத்த நொடியே அசல் தளத்தில் போட்டு உள்ளே போய்விடுகிறார்கள். பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் போனின் கைரேகை, முகம் அல்லது பின் எண் மூலம் உள்ளே போகும் முறை) கொடுக்கும் தளங்களில் அதையே தேர்ந்தெடுங்கள், அது அசல் முகவரியில் மட்டுமே வேலை செய்யும். வாட்ஸ்அப்பில் இரண்டு கட்டச் சரிபார்ப்புக்கான ஆறு இலக்க பின் எண், தெரியாத அழைப்புகளை மௌனமாக்கும் அமைப்பு இரண்டையும் கையோடு போட்டுவிடலாம்.

படி 7: மாட்டிக்கொண்டால்

வெட்கப்பட்டு உட்கார்ந்திருக்க நேரமில்லை. பணம் போயிருந்தால் முதல் அழைப்பு வங்கிக்கு. அடுத்தடுத்த கணக்குகளுக்குப் பணம் நகர்வதற்குள் நிறுத்தினால்தான் உண்டு. பிறகு காவல்துறை அல்லது சைபர் புகார். மெசேஜ், எண், பரிமாற்ற எண் எதையும் அழிக்காதீர்கள், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். செயலி ஏற்றியிருந்தால் போனின் இணையத்தை அணைத்துவிட்டு, வேறொரு கருவியிலிருந்து பாஸ்வேர்ட்களை மாற்றுங்கள், மெயிலில் தொடங்கி. மாற்றியபின் மெயிலின் அமைப்புகளுக்குள் போய் உங்களுக்குத் தெரியாத மீட்பு எண்ணோ, மெயில்களை வேறெங்கோ திருப்பும் விதியோ வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். பாஸ்வேர்ட் மாற்றினாலும் இந்தத் திருப்புதல் அப்படியே இருக்கும். காரணமில்லாமல் போனில் சிக்னல் போய்விட்டால் உங்கள் எண்ணை வேறொருவர் தன் சிம்முக்கு மாற்றி வாங்கியிருக்கலாம், வேறு போனிலிருந்து சிம் நிறுவனத்துக்கு உடனே அழையுங்கள்.

சில வாரம் கழித்து இன்னொரு அழைப்பு வரலாம். "நீங்கள் இழந்த பணத்தை மீட்டுத் தருகிறோம், சிறு கட்டணம் மட்டும் முன்கூட்டியே செலுத்துங்கள்" என்பார்கள். வக்கீல் என்பார்கள், இணையப் பாதுகாப்பு நிபுணர் என்பார்கள், எவ்வளவு போனது என்றுகூடச் சரியாகச் சொல்வார்கள். ஏமாந்தவர்களின் பட்டியல் அவர்களுக்குள் கைமாறுகிறது, சில நேரம் பேசுவதே பழைய கும்பல்தான். அந்தக் கட்டணத்தைக் கட்டாதீர்கள்.