முதல் தடவ டயோசிஸ் கவுன்சிலுக்குப் போற தம்பி தங்கச்சிங்களுக்கு

நம்ம வட சென்னை சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சபைங்கள்ல இருந்து சின்னப் பசங்க டயோசிஸ் கவுன்சிலுக்கு, அதாவது ஒரு பிஷப்புக்குக் கீழ இருக்கற சபைங்களோட ஆளுங்க கூடி முடிவெடுக்கற கூட்டத்துக்குப் போறத பாக்க எனக்கு அவ்ளோ சந்தோஷமா இருக்கு. நான் காசிமேட்டுப் பக்கத்துல இருந்து முதல் தடவ போனப்போ எனக்கு 23 வயசு, யாரும் எதுவும் சொல்லித்தரல, காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் மத்தவங்க கை தூக்குனா தூக்கி எறக்குனா எறக்கிட்டு வந்துட்டேன், வீட்டுக்கு வந்து அழுதேன். அது உங்களுக்கு நடக்கக் கூடாது.

மொதல்ல இது எங்க இருக்குன்னு தெரிஞ்சிக்கோங்க. கீழ உங்க பாஸ்டரேட் (ஒரு ஆயர் ஐயா பொறுப்புல இருக்கற சபை) கமிட்டி, அதுக்கு மேல டயோசிஸ் கவுன்சில், எல்லா டயோசிஸுக்கும் மேல சினாட்ங்கற பொதுப் பேரவை, சினாடுக்குப் போற ஆளுங்களையும் கவுன்சில் தான் தேர்ந்தெடுக்கும். 1947 செப்டம்பர் 27 அன்னிக்கு நம்ம செயின்ட் ஜார்ஜ் கதீட்ரல்ல ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், அப்புறம் பிரஸ்பிட்டேரியனும் காங்கிரிகேஷனலும் சேந்த தென்னிந்திய ஐக்கிய சபை எல்லாம் ஒண்ணா சேந்து சிஎஸ்ஐ ஆனாங்கல்ல, அப்போ பிஷப்பும் இருக்கணும், சபையார் கூடி முடிவெடுக்கறதும் இருக்கணும்னு ரெண்டையும் வச்சாங்க. அதனால அந்த ஹால்ல ஆயர் ஐயாமாரும் சபையாரும் சேந்து தான் உக்காருவாங்க, 20 வருஷமா கமிட்டில இருக்கற அங்கிளோட ஓட்டும் உங்க ஓட்டும் ஒரே ஓட்டு தான்.

கன்ஃபர்மேஷன் (திடப்படுத்தல்) எடுத்திருக்கணும், சபைச் சந்தா பாக்கி இல்லாம ரசீது இருக்கணும், ஆயர் ஐயாகிட்ட கையெழுத்து வாங்கின லெட்டர் கையில இருக்கணும், இதெல்லாம் ஒரு வாரம் முன்னாடியே பாத்துருங்க.

இப்போ முக்கியமானது. ரிப்போர்ட் புக்கு வந்தவுடனே எல்லாரும் போட்டோ பாப்பாங்க, நீங்க நேரா கணக்குப் பக்கத்துக்குப் போங்க. ரெண்டாவது தடவ நான் போறதுக்கு முன்னாடி எங்க கொயர்ல பாடற ஒரு அக்கா, ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை பாக்கறவங்க, ஆராதனை முடிஞ்சு சர்ச் படியில உக்காந்து பென்சிலோட எனக்கு சொல்லிக்குடுத்தாங்க. "நம்பரயே பாத்துட்டு இருக்காத, நம்பர் பக்கத்துல குட்டியா நோட் 7ன்னு போட்டிருக்கு பாரு, கடைசிப் பக்கத்துக்குப் போயி அந்த நோட்ட படி"ன்னாங்க. படிச்சா அங்க தான் எழுத்து சின்னதா விஷயம் இருந்துச்சு. போன வருஷ நம்பர் வரிசை ஒண்ணு, இந்த வருஷ நம்பர் வரிசை ஒண்ணு பக்கத்துல பக்கத்துல இருக்கும், எங்க பெருசா ஏறியிருக்கோ எங்க திடீர்னு ஒண்ணுமே இல்லாம போயிருக்கோ அங்க பென்சில்ல வட்டம் போடுங்க, உங்க பாஸ்டரேட் டயோசிஸுக்குக் கட்டுன பங்குப் பணம் (அசெஸ்மென்ட்) சரியா ஏறியிருக்கான்னும் பாருங்க. மூணு வட்டம் போதும், மூணு கேள்வி கேக்கலாம்.

அப்புறம் உங்க ஜனங்ககிட்ட கேளுங்க. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணூர் முகத்துவாரத்துல எண்ணெய் கலந்துச்சே, வலையெல்லாம் கருப்பா ஊறிக் கெடந்துச்சே, அந்த மாதிரி நேரத்துல சபை என்ன செய்யணும்னு மேடையில இருக்கறவங்கள விட நம்ம மீன்காரப் பாட்டிங்களுக்கு நல்லா தெரியும். எங்க சபையில ஒரு பாட்டி சொன்னாங்க, "அரிசி குடுத்தீங்கம்மா நல்லது, வலைக்கு யாரு குடுப்பா"ன்னு. அந்த ஒரு வார்த்தைய நோட்டுல அப்படியே எழுதி வச்சிக்கிட்டேன்.

தீர்மானம் கொண்டு வரணும்னா அன்னிக்குக் காலைல போய் சொன்னா நடக்காது, முன்கூட்டியே எழுத்துல குடுக்கணும், எத்தன நாள் முன்னாடின்னு உங்க டயோசிஸ் ரூல் புக்குல இருக்கும். நீங்க முன்மொழிஞ்சா வழிமொழிய ஒரு ஆள் வேணும், இல்லன்னா அது அங்கயே விழுந்துரும். பக்கத்து பாஸ்டரேட்ல ஒருத்தர்கிட்ட முன்னாடியே பேசி வச்சிடுங்க. மைக் கெடச்சா பேரு, பாஸ்டரேட், அடுத்த வரியே என்ன வேணுங்கறது. நான் முதல்ல எல்லாருக்கும் ஸ்தோத்திரம் சொல்லி என் சாட்சியையும் சொல்ல ஆரம்பிச்சு, விஷயத்துக்கு வர்றதுக்குள்ள பெல் அடிச்சிட்டாங்க. தலைமையில இருக்கற பேராயர் ஐயாவப் பாத்து தான் பேசணும், எதுத்துப் பேசுன அங்கிளப் பாத்து பேசக் கூடாது, அப்படிப் பேசினா தான் சண்டையாகும்.

எலெக்‌ஷன் இருந்தா டீ டைம்ல யாராவது தோள்ல கை போட்டு பேரெல்லாம் எழுதுன துண்டுச் சீட்டு ஒண்ண உங்க பாக்கெட்ல வைப்பாங்க, தம்பி நம்ம ஆளு, நம்ம ஊரு, நம்ம டீமுன்னு சொல்லுவாங்க. "நீங்க நிக்கறீங்களா அங்கிள், போன தடவ இருந்தப்போ என்ன செஞ்சீங்க"ன்னு மரியாதையா கேளுங்க, பதில் சொல்றவங்களுக்குப் போடுங்க. அவங்க வாங்கித்தர்ற பிரியாணியும் வேணாம், வண்டியும் வேணாம். பேலட்ல அஞ்சு பேருன்னா அஞ்சு டிக் தான், ஆறாவது போட்டா மொத்தமும் செல்லாது.

கூட்டம் கதீட்ரல் ரோடு பக்கம்னா தண்டையார்பேட்டைலயோ வண்ணாரப்பேட்டைலயோ ஏறி ஆயிரம் விளக்கு மெட்ரோல எறங்கிக்கலாம், மாறவே வேணாம். மதியச் சாப்பாடு முடிஞ்சவுடனே பாதிப் பேர் கெளம்பிடுவாங்க, நீங்க கெளம்பாதீங்க, கணக்கு பாஸ் ஆகறதும் பெரிய தீர்மானம் வர்றதும் பெரும்பாலும் அந்த நேரத்துல தான்.

அடுத்த ஞாயித்துக்கெழம அறிவிப்பு நேரத்துல அஞ்சு நிமிஷம் கேட்டு வாங்கி என்ன முடிவாச்சு, நீங்க எதுக்கு ஆமான்னீங்க எதுக்கு இல்லன்னீங்கன்னு சபையில சொல்லிடுங்க. நான் சொல்லிட்டு வெளிய வரும்போது அந்தப் பாட்டி கேட் கிட்ட நின்னு "வலை என்னாச்சும்மா"ன்னாங்க, கமிட்டிக்கு அனுப்பியிருக்காங்க பாட்டி, மூணு மாசத்துல பதில் கேப்பேன்னு சொல்லி தேதிய அவங்க முன்னாடியே போன்ல போட்டுக்கிட்டேன்.