சென்னையிலிருந்து திருச்சிக்கு நண்பனைப் பார்க்கக் காரில் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

"மதியச் சாப்பாட்டுக்கு வந்துடுவோம்மா" என்று முதல் நாள் போனில் சொல்லிவிட்டேன். சனிக்கிழமை காலை எட்டரைக்குச் சென்னையில் வண்டியை எடுத்து, திருச்சியில் நண்பன் வீட்டு வாசலில் நிறுத்தியபோது மணி மூன்றேகால். அவன் அம்மா சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர். எங்களுக்காகச் சாப்பிடாமலே உட்கார்ந்திருந்தார். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அதற்குப் பிறகு இந்தப் பாதையில் பலமுறை போய்வந்துவிட்டேன். நான் செய்த தவறுகளையும் பிறர் செய்யக் கண்டவற்றையும் சொல்கிறேன்.

நேரக் கணக்கில்தான் எல்லாம் ஆரம்பிக்கிறது. சுமார் 330 கிலோமீட்டர், நான்குவழிச் சாலை, மேப் ஐந்தரை மணி நேரம் என்று காட்டும். அந்தக் கணக்கில் டிபனும் இல்லை, டீயும் இல்லை, குழந்தைக்கு வாந்தி வந்து ஓரங்கட்டுவதும் இல்லை. எட்டரைக்குக் கிளம்பினால் தாம்பரம், பெருங்களத்தூர், கிளாம்பாக்கம் தாண்டிச் செங்கல்பட்டைப் பிடிப்பதற்குள்ளேயே களைத்துவிடுவோம். விடிகாலை நாலரைக்குக் கிளம்புங்கள். வெளிச்சம் வரும் நேரத்தில் மதுராந்தகம் ஏரிப் பக்கம் போய்விடலாம். வெள்ளிக்கிழமை சாயங்காலப் புறப்பாடு வேண்டவே வேண்டாம். தொடர் விடுமுறைக்கு முந்தின நாளென்றால் பரனூர் சுங்கச்சாவடியில் நிற்கிற நேரத்தில் திண்டிவனமே போயிருக்கலாம்.

நண்பன் வீட்டுக்குச் சென்னையிலிருந்தே நேரம் சொல்லாதீர்கள். உளுந்தூர்பேட்டையில் டீக்கு நிறுத்தும்போது போன் செய்யுங்கள். அங்கிருந்து திருச்சி சுமார் 130 கிலோமீட்டர்; இனி இரண்டு மணி நேரமும் கொஞ்சமும் என்று தைரியமாகச் சொல்லலாம். "எங்களுக்காகக் காத்திருக்காதீங்க" என்றால் நம் வீடுகளில் யாரும் கேட்கமாட்டார்கள். தாமதமாகும் என்று தெரிந்தால் வழியிலேயே சாப்பிட்டுவிட்டு, "சாயங்காலம் காபிக்கு வர்றோம்" என்று சொல்லிவிடுவதே அந்த வீட்டுப் பெரியவர்களுக்கு நாம் செய்யும் உதவி.

ஃபாஸ்டேக் விஷயம் சின்னது. பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம் என்று போக ஆறு சாவடி, வர ஆறு. முந்தின இரவே பணம் போட்டுவிடுங்கள். டேக் வேலை செய்யாவிட்டால் யுபிஐயில் ஒன்றேகால் மடங்கு கட்ட வேண்டியிருக்கும்.

டயர் சின்ன விஷயமில்லை. ஊருக்குள் மட்டும் ஓடும் வண்டி பார்க்க நன்றாகத்தான் இருக்கும். நாலு பேரும் பெட்டிகளும் ஏறி, வெயிலில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போதுதான் டயரின் நிலைமை தெரியும். காற்றழுத்தத்தைக் கிளம்புவதற்கு முன், டயர் சூடாகாத நிலையில் பார்க்க வேண்டும். எவ்வளவு வைப்பது என்பது பெரும்பாலும் டிரைவர் கதவோரம் ஸ்டிக்கரில் இருக்கும்; ஆள் நிறைந்த வண்டிக்குத் தனி அளவு போட்டிருந்தால் அதைப் பின்பற்றுங்கள். ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடித்தான் காட்டும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடுவது ஆபத்து, ஏனென்றால் காற்று குறைந்த டயர்தான் மேலும் சூடாகி வெடிக்கும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. தேய்மானமே தெரியாவிட்டாலும் அவ்வளவு பழைய டயரை நம்பி நெடுஞ்சாலைக்குப் போகாதீர்கள். ஸ்டெப்னியிலும் காற்று பாருங்கள்.

சாலையில் நான் அதிகம் பயப்படுவது இரண்டுக்கு. ஒன்று, ஊர்ப் பிரிவுகளில் எதிர்த் திசையில் வரும் இருசக்கர வண்டிகள். மறுபக்கம் போக வெகுதூரம் சுற்ற வேண்டும் என்பதால் அப்படி வருகிறார்கள். வயலுக்கும் பள்ளிக்கும் போகிற மனிதர்கள் அவர்கள். ஊர்ப் பலகையைப் பார்த்ததும் வேகத்தைக் குறைப்பது நம் பொறுப்பு. இன்னொன்று, இருட்டில் ஓரத்தில் விளக்கில்லாமல் நிற்கும் லாரி. அதனால் இடதுபுறமாக முந்தும் பழக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். பின்சீட்டில் இருப்பவர்களும் பெல்ட் போட வேண்டும், அது சட்டமும்கூட. வண்டி நின்றுவிட்டால் எல்லோரும் இறங்கி, சாலையை விட்டு நன்றாகத் தள்ளி நின்றுகொண்டு 1033க்கு அழையுங்கள். தேசிய நெடுஞ்சாலை உதவி எண் அது.

திருச்சியை நெருங்கும்போது ஒரு குழப்பம் காத்திருக்கிறது. "டோல்கேட் வந்ததும் கூப்பிடுடா" என்று நண்பன் சொல்வான். நாம் சமயபுரம் சாவடியிலிருந்து கூப்பிடுவோம். அவன் சொன்னது நம்பர் 1 டோல்கேட்டாக இருக்கலாம், டி.வி.எஸ். டோல்கேட்டாகவும் இருக்கலாம். இரண்டும் அந்த ஊரில் இடப்பெயர்கள். ஒன்று கொள்ளிடத்துக்கு வடக்கே, மற்றது நகரத்துக்குள். எது என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

திரும்பும் பயணத்தில்தான் நல்ல ஓட்டுநர்களும் தவறுகிறார்கள். ஞாயிறு மதியம் வயிறு நிறையச் சாப்பிட்டு, பேசிப் பேசி ஐந்து மணிக்குக் கிளம்பினால், தென்மாவட்டங்களே சென்னைக்குத் திரும்பும் நேரத்தில் நாமும் அந்த வரிசையில் இருப்போம். கண் செருக ஆரம்பித்தால் ஏசியைக் கூட்டுவதும் பாட்டு வைப்பதும் காப்பாற்றாது. பெட்ரோல் பங்கில் நிறுத்தி இருபது நிமிடம் தூங்குங்கள். முடிந்தால் திங்கட்கிழமை விடுப்பு எடுங்கள். முடியாவிட்டால் ஞாயிறு காலை டிபன் முடித்து ஒன்பதுக்குள் கிளம்புங்கள். அதை வந்த அன்றே அம்மாவிடம் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால், ஞாயிறு காலை நாம் எழுவதற்குள் கறி வாங்க நண்பன் கடைக்குப் போயிருப்பான்.